துப்பாக்கி உரிமம்: ஏழைக்கும் உண்டு, ஏட்டளவில்

தூத்துக்குடி மாவட்டத்தில் சாதிக் கொலை ஒன்று நடந்துவிட்டால், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் கேட்கலாமா என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். கேட்கலாம். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது 1959 ஆயுதச் சட்டத்தின் 14(2) பிரிவு. 1995 வன்கொடுமைத் தடுப்பு விதிகளோ, பதற்றமான பகுதிகளில் தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க மாநில அரசுக்கு அதிகாரமே தருகின்றன.

தடுப்பது செலவு

அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென்று கொண்டுவந்த ‘நிர்பீக்’ ரிவால்வரின் அன்றைய விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு பைசா தொடாமல் சேர்த்தாலும் மூன்றரை ஆண்டு போதாது. அதற்கு மேல் மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, பூட்டிவைக்கப் பத்திரமான இடம், தோட்டா, புதுப்பித்தல் எல்லாம் உண்டு. முள்ளக்காடு, வேப்பலோடை உப்பளங்களில் கூலிக்கு நிற்பவர் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடக்கும் ஒவ்வொரு நாளும் சம்பளம் போன நாள்தான்.

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை. அங்கேயே நியூயார்க் நகரின் 340 டாலர் உரிமக் கட்டணம் செல்லும் என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியாவில் துப்பாக்கி அரசு தரும் அனுமதி மட்டுமே. உயிர்ப் பாதுகாப்புதான் அடிப்படை உரிமை. பணம் இருப்பவருக்கு இரண்டும் கிடைக்கிறது. இல்லாதவர் கேட்க வேண்டியது மலிவு விலைத் துப்பாக்கியை அல்ல, இலவசமாகக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பை. அந்தப் பாதுகாப்பைத் துப்பாக்கி தராது: 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் வாழும் கொடியங்குளம் கிராமத்துக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடியது காவல் படையே. அன்று வீட்டுக்கொரு துப்பாக்கி இருந்திருந்தால் பிணங்கள்தான் விழுந்திருக்கும்.

கள்ளத் துப்பாக்கி வேண்டாம்

மலிவாகக் கிடைக்கிறதே என்று நாட்டுத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். உரிமமின்றி வைத்திருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.

என்ன செய்யலாம்?

• வன்கொடுமைப் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை (வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 18ஏ பிரிவு). அதன் நகல் இலவசம். விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும்.

• பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, விசாரணைக்கு வந்துபோகும் செலவு ஆகியவற்றை அதே சட்டத்தின் 15ஏ பிரிவின் கீழ் கேட்டுப் பெறலாம்.

• கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அரசு ஊழியர் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராதவர் என்றால், அச்சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி அவருக்கே தண்டனை உண்டு.

• வன்கொடுமைத் தடுப்பு உதவி எண் 14566. இலவச சட்ட உதவிக்கு 15100. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது.

• துப்பாக்கி உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆயுதச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் சட்ட உதவி மையத்தை நாடலாம்.

மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். எழுதிக் கொடுங்கள்; மனு ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.