உஷார்! சிடி டிரைவ் திடீரென்று மந்தமாகிவிட்டதா?

மரக்காணம் உப்பளப் பக்கம் பழைய எக்ஸ்பி கணினியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஸ்டுடியோக்காரர்களே, கல்யாண வீடியோவை சிடியிலேயே வைத்திருக்கும் குடும்பத்தாரே, உடனே கவனியுங்கள்! டிவிடி போட்டதும் படம் விட்டுவிட்டு ஓடுகிறதா? மவுஸ்கூட நகரத் திணறுகிறதா? 'டிரைவ் போச்சு' என்று தூக்கி எறியாதீர்கள். வைரஸ் என்று பயந்து ஃபார்மேட்டும் அடித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும்!

நடப்பது இதுதான். டிரைவிலிருந்து தரவு வரும்போது 6 பிழைகள் சேர்ந்தால் விண்டோஸ் எக்ஸ்பி வேகத்தை ஒரு படி இறக்கும். பிழை தொடர்ந்தால் இன்னும் இறக்கி, கடைசியில் டிஎம்ஏ முறையையே கைவிட்டு பிஐஓவுக்குப் போய்விடும். டிஎம்ஏவில் தரவு நேராக நினைவகத்துக்குப் போகிறது. பிஐஓவிலோ ஒவ்வொரு துண்டையும் ப்ராசஸரே சுமக்க வேண்டும். 16எக்ஸ் டிவிடிக்கு நொடிக்குச் சுமார் 22 எம்பி தேவை; பிஐஓவின் உச்சமோ ஏட்டளவில் 16.6 எம்பிதான். கீறல் விழுந்த ஒரே ஒரு சிடி போதும், இந்தச் சரிவு தொடங்க. அந்த சிடியை வெளியே எடுத்தாலும் பழைய வேகம் தானாகத் திரும்பாது!

நம் கரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உப்புக்காற்று. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்த உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியும். கேபிள் முனைகள் அரிக்கும், பிழைகள் பெருகும்.

டிவைஸ் மேனேஜரில் 'செகண்டரி ஐடிஇ சேனல்' திறந்து, 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பாருங்கள். 'டிஎம்ஏ இஃப் அவைலபிள்' என்று தேர்ந்திருந்தும், நடப்பு முறை 'பிஐஓ' என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கேபிளைக் கழற்றி, முனைகளைத் துடைத்து இறுக்கமாகச் செருகுங்கள். 80 கம்பி கேபிளாக மாற்றினால் இன்னும் நல்லது. பிறகுதான் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். கேபிளைப் பார்க்காமல் இதை மட்டும் செய்தால் மறுபடி பிஐஓதான்.

அதுவரை எந்த சிடியும் ரைட் செய்யாதீர்கள், பாதியில் பாழாகலாம். ஹார்ட் டிஸ்க் இருக்கும் பிரைமரி சேனலும் பிஐஓ என்று காட்டுகிறதா? எதையும் தொடாதீர்கள். முதலில் பேக்கப் எடுங்கள், இன்றைக்கே!