சங்கம் கூடிய வீடுகள் – 12: பனிக்கட்டி இருந்த வீடு

பதினொரு வயதுக் கல்யாணம், கையோடு வந்த விதவைக்கோலம், மகளின் தலையை மழிக்க மாட்டோம் என்று நின்ற பெற்றோர், வேப்பேரி கான்வென்ட், 1911இல் மாநிலக் கல்லூரிப் பட்டம். இளம் விதவைகளைப் படிக்க வைத்த சுப்பலட்சுமியின் கதையைச் சென்ற பகுதியில் விட்ட இடம் இதுதான். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும்.

சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வரியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அடுத்த வருஷம்தான் பெரிதாகத் தெரிகிறது. 1912இல் சாரதா லேடீஸ் யூனியன் என்ற பெண்கள் சங்கத்தை அவர் தொடங்கினார். பெண்கள் கூடிச் சொற்பொழிவு கேட்கவும், ஊர்ப் பிரச்சினைகளைப் பேசவும், ஒருவரையொருவர் படிப்புக்குத் தூண்டவும் ஓர் இடம். அதே காலத்தில் எழும்பூரில் தம் தகப்பனார் வீட்டில் நான்கு இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தார். உடனிருந்து வீட்டை நடத்தியவர் சித்தி வாலாம்பாள். அவரும் இளவயதிலேயே கணவனை இழந்தவர்.

விடுதியையும் சங்கத்தையும் தனித்தனிக் காரியங்களாக நான் பார்க்கவில்லை. இருபத்தைந்து வயது விதவை ஒருத்தி, இன்னும் சில சின்னஞ்சிறு விதவைகளை வைத்துக்கொண்டு தனியாக நின்றால் ஊர் வாய் சும்மா இருந்திருக்குமா? குடும்பப் பெண்கள் பலர் கூடி அமர்கிற சங்கம் ஒன்று பக்கத்தில் இருந்தால் அந்த வாய் கொஞ்சம் அடங்கும். பம்பாயில் பண்டித ரமாபாய் 1889இல் தொடங்கிய சாரதா சதனம் என்ற விதவையர் விடுதிக்கு நேர்ந்ததும் சுப்பலட்சுமிக்குத் தெரிந்ததுதான். ரமாபாய் கிறிஸ்தவர், மதம் மாற்றுகிறார் என்று பேச்சு கிளம்பியதும் பெற்றவர்கள் பெண்களை அழைத்துப் போய்விட்டார்கள். அதனால் சென்னை விடுதியில் ஆசாரம் அப்படியே காக்கப்பட்டது. பிராமண விதவைகளுக்கு மட்டும் என்ற வரம்பும் அதோடு சேர்ந்தே வந்தது. அந்த வரம்பைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன்.

இந்த விடுதிக்கு அரசாங்கமும் உதவியது; அதற்குக் கருணை மட்டும் காரணமில்லை. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை. பெண்களைப் பூப்பெய்துமுன்பே கட்டிக்கொடுத்துவிடுகிற வீடுகளிலிருந்து டீச்சர் எப்படி வருவாள்? விதவைப் பெண்களைப் படிக்க வைத்தால் வருவாள். பெண்கல்வி ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் இந்தக் கணக்கைப் போட்டார். சுப்பலட்சுமிக்குத் துணையாகவும் நின்றார். பெண்கள் எண்ணிக்கை கூடக் கூட எழும்பூரில் இடம் போதவில்லை. கடைசியில் அவர்கள் வந்து சேர்ந்த வீடுதான் இந்த வாரம் முழுக்க என்னை ஆட்கொண்டிருக்கிறது.

பூந்தமல்லியிலிருந்தோ ஆவடியிலிருந்தோ கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு அந்த வட்டக் கட்டடத்தைத் தெரியாமலிருக்காது. விவேகானந்தர் இல்லம் என்று 1963இல் பெயர் வைத்த பிறகும் அந்தப் பேட்டை முழுவதும் ஐஸ் ஹவுஸ்தான். பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடர் 1840களின் தொடக்கத்தில் கட்டிய கிடங்கு அது. குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரிகள் உறைந்ததும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றுவார்கள். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதம் கடலில் கிடந்தும் ஏறத்தாழ 100 டன் கரையாமல் இறங்கியது! பிறகு சென்னைக்கும் வந்தது. வெள்ளைக்காரர்களின் மேசைக்கும் காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கும் அந்தப் பனிதான். அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் ‘வால்டன்’ புத்தகத்தில் சென்னையின் பெயர் வருகிறது, தெரியுமா? 1846–47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்தில் இறங்கிப் பனி அறுத்ததைப் பார்த்துவிட்டுத்தான், அந்தத் தண்ணீர் சென்னை, பம்பாய், கல்கத்தா வரை போவதை அவர் நினைத்துப் பார்க்கிறார். கீதை படித்த மனிதர், எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

நீராவி இயந்திரத்தால் இங்கேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் டியூடரின் வியாபாரம் படுத்தது. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி ஜன்னல்களும் வட்டத் தாழ்வாரங்களும் வைத்து வீடாக்கினார். நீதிபதி கெர்னன் பெயரால் ‘காஸில் கெர்னன்’ என்று பெயரும் வைத்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான். ஐயங்காருக்குப் பிறகு வீடு ஏலத்துக்குப் போனது. 1917இல் அரசாங்கம் அதை வாங்கியது.

அதில்தான் சுப்பலட்சுமியின் பெண்கள் இருந்தார்கள். முகத்தில் விழித்தாலே சகுனத்தடை என்று வீட்டின் பின்கட்டில் அடைத்து வைக்கப்பட்டவர்களுக்குச் சென்னையிலேயே காற்றும் வெளிச்சமும் மிகுந்த தாழ்வாரங்கள் கிடைத்தன. எதிரே கடல். பக்கத்துக் குப்பத்து மீனவப் பிள்ளைகளுக்கும் சுப்பலட்சுமி ஒரு பள்ளி நடத்தினார். விடுதியின் ஆசார வரம்புக்குள் அவர் மனசு அடங்கிவிடவில்லை என்பதற்கு எனக்கு இதுவே சாட்சி. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது, அவரே முதல்வரானார். சாரதா வித்யாலயா என்ற பள்ளியை நடத்தியது அந்த லேடீஸ் யூனியன்தான். 1938இல் அந்தப் பள்ளி ராமகிருஷ்ண மிஷன் கைக்குப் போனது.

அம்பத்தூர் பக்கம் இன்று ஏதாவது ஒரு வீட்டுக் கூடத்தில் சுய உதவிக் குழுப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து, நோட்டில் கணக்கெழுதி, அவரவர் வீட்டுச் சங்கடத்தையும் பேசிக் கலைகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கியவை. சாரதா லேடீஸ் யூனியனோடு அவற்றுக்கு நேர் உறவு கிடையாது; சாதியும் வேறு, வர்க்கமும் வேறு. ஆனாலும் பெண்கள் கூடி உட்கார ஓர் இடம் இருந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும் என்ற பாடத்தை இரண்டு பேரும் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

யூனியன் கூட்டங்களில் என்ன பேசினார்கள் என்பதைத்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அது அடுத்த வாரத்துக்கு. அதோடு 1950களில், அறுபது வயதைத் தாண்டி, தாம்பரத்துக்கு அருகே மாடம்பாக்கம் கிராமத்துப் பெண்களுக்காக அவர் தொடங்கிய நல மையத்துக்கும் போக வேண்டும்.

(தொடரும்)