தெரிந்த சொல்தான் காலை வாரும்

திருப்பதிக் கடைவீதியில் ஒருவர் "அவசரம் லேது" என்று சொன்னால், மனிதர் நிதானமானவர் போலிருக்கிறது என்று நாம் காத்து நிற்போம். அவர் சொன்னதோ 'தேவையில்லை' என்று. தமிழிலும் கன்னடத்திலும் பரபரப்பைக் குறிக்கும் அவசரம், தெலுங்கில் தேவை. பாலக்காடு தாண்டினால் அதுவே வாய்ப்பு. இந்தியின் 'அவ்சர்' என்பதும் வாய்ப்புதான். சம்ஸ்கிருத மூலத்தில் தக்க சமயம் என்று பொருள்.

சம்சாரம் இன்னும் வேடிக்கை. சம்ஸ்கிருதத்தில் பிறவிச் சுழல், இந்தியில் உலகம், தெலுங்கில் குடும்பம், தமிழில் மனைவி. கேரளத்திலோ வெறும் பேச்சு! 1986-இல் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்' தலைப்பின் முதல் சொல்லை ஒரு மலையாளி தம் மொழியில் படித்தால் 'பேச்சு' என்றாகிவிடும். வசனத்துக்குப் பேர்போன இயக்குநர் விசுவின் படமாயிற்றே, அதுவும் பொருந்தித்தான் போகிறது.

சிரித்துவிட்டுப் போக முடியாத சொல்லும் உண்டு. மத்திய அரசு 2018-இல் 'சமக்ர சிக்‌ஷா' என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியில் சிக்‌ஷா என்றால் கல்வி. மராத்தி, தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் அதற்குத் தண்டனை என்று பொருள். கன்னடத்தில் 'சிக்‌ஷெ' தண்டனை, 'சிக்‌ஷண' கல்வி. நம் கிறிஸ்தவத் தமிழில் வழங்கும் 'சிட்சை'யும் கண்டித்துத் திருத்துவதுதான். வாத்தியாரின் பிரம்பு இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது போலும். ஒரு மலையாளி 'சமக்ர சிக்‌ஷா'வைத் தம் மொழியாக நினைத்துப் படித்தால், முழுமையான தண்டனை!

உபன்யாசம் இந்தியில் நாவல், கல்யாணம் நலவாழ்வு. ரயில்வேயில் 'பிரபந்தக்' என்றால் மேலாளர். திவ்யப் பிரபந்தத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

சம்ஸ்கிருதம் மட்டும்தான் இப்படி என்றில்லை. பாரசீகத்தில் 'ராஸி' சம்மதம், 'நாமா' எழுத்து. வடக்கே ராஜிநாமா என்பது வழக்காடியவர்கள் எழுதித் தரும் சமரசப் பத்திரம். இங்கே அது பதவி விலகல். ஆனால் 'ராஜியாகிப் போனார்கள்' என்கிறபோது தமிழும் பழைய பொருளுக்கே திரும்பிவிடுகிறது.

இந்தி தன் சொற்களுக்கு முதன்மையாகச் சம்ஸ்கிருதத்தை நாட வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 351-வது பிரிவு. 1961-இல் அமைந்த அறிவியல் கலைச்சொல் ஆணையமும், எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவான சொற்களைச் சம்ஸ்கிருத வேரிலிருந்து ஆக்கலாம் என்ற கொள்கையை வைத்துக்கொண்டது. வேர் ஒன்றானால் பொருளும் ஒன்றாகிவிடும் என்ற நம்பிக்கை அது. மேலே பார்த்த சொற்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அந்நியமான சொல்லுக்கு அகராதியைப் புரட்டுகிறவர்கள், அறிமுகமான சொல்லைப் பார்த்ததும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அரசாணையையும் நீதிமன்ற ஆவணத்தையும் மொழிபெயர்ப்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சொற்களைத்தான். அவர்கள் மேசையில் இருக்கும்படி, அண்டை மொழிகளில் பொருள் மாறும் சொற்களுக்கென்றே ஒரு கையகராதியை நம் பல்கலைக்கழகங்கள் போட்டுத் தரலாம்.