பாலடினுக்கு என்ன வேலை?

‘வகுப்பு’ என்ற சொல்லைக் கேட்டதும் மணியோசையும் கரும்பலகையும் வீட்டுப்பாடமும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. நாங்கள் இங்கே எழுதப் புகுந்தது அந்த வகுப்பைப் பற்றியன்று. இணையத்தின் வழியாகப் பல்லாயிரம் பேர் ஒரே சமயத்தில் கூடி ஆடும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில், ஆடுபவர் தமக்கென ஏற்றுக்கொள்ளும் வேடத்தையும் ஆங்கிலத்தில் ‘கிளாஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். நம் ஆண்டு விழா நாடகத்தில் ஒருத்தி ராணியாகவும் ஒருத்தி சேடியாகவும் வருவதைப் போன்றது அது. வேடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் போதும். அதனோடு காலம் தள்ளுவதோ மாதக் கணக்கில்.

பள்ளி மலரில் விளையாட்டைப் பற்றி எழுதலாமா என்று எங்களுக்கே ஐயம் எழுந்தது. தமிழாசிரியையிடம் கேட்டோம். “தெரியாதவர்களுக்கும் புரியும்படி எழுதினால் எழுதுங்கள்” என்றார்கள். அவ்வாறே முயல்கிறோம்.

2020-ஆம் ஆண்டு, கொரோனாவால் ஊரெல்லாம் அடைபட்டுக் கிடந்த நாட்கள். பெரியப்பா மகனான எங்கள் அண்ணனுடைய கல்லூரியும் மூடியிருந்தது. நானும் என் இரு தங்கைமாரும் அவர் நாற்காலிக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்து அவர் ஆடுவதைப் பார்ப்போம். விளையாட்டின் பெயர் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. 2010-இல் இதற்குச் சந்தா கட்டியவர்கள் ஒரு கோடியே இருபது லட்சம் பேர்! ஆண்டுதோறும் மாறிக்கொண்டே வந்ததால், பழைய வடிவத்திற்காகப் பலர் ஏங்கினார்கள். அதையே ‘கிளாசிக்’ என்ற பெயரில் 2019 ஆகஸ்டில் மறுபடியும் வெளியிட்டார்கள். அண்ணன் ஆடியது அந்தப் பழைய வடிவம்தான். நாங்கள் சொல்லப் போவதும் அதைப் பற்றியே.

வேடம் பிரிக்கும் வழக்கம் இந்த விளையாட்டில் பிறந்ததன்று. 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் காகிதமும் பென்சிலும் பகடையும் கொண்டு ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் போர்வீரர், மந்திரவாதி, குரு என்று மூன்றே வேடங்கள். முப்பது ஆண்டு கழித்து வந்த வார்கிராஃப்டில் அது ஒன்பதாகப் பெருகியது.

அந்த ஒன்பதில் எதை எடுப்பது என்று அண்ணன் எங்களைத்தான் கேட்டார். நாங்கள் மூவரும் ஒரே குரலில் “பாலடின்!” என்று கூவினோம். பொன்னிறமாய் மின்னும் கவசம், கையிலே பெரிய சம்மட்டி, தலைக்கு மேல் ஒளி. பாலடின் என்றால் அறத்துக்காகப் போர் புரியும் வீரர். இரும்புக் கவசம் அணிவார், காயத்தை ஆற்றுவார், இறந்தவரை எழுப்புவார். 40-ஆவது படியை எட்டியதும் அவருக்குக் குதிரை இலவசம். மற்றவர்கள் அதற்கு ஏறத்தாழ நூறு பொற்காசு சேர்க்க வேண்டும். இத்தனை இருக்க வேறொன்றை யார் கேட்பார்கள்?

60-ஆவது படி வரை அண்ணன் ஏறினார். அதற்கு மேல் தனியே ஆட அதிகமில்லை. நாற்பது பேர் கூடிப் பெரும் பகைவர்களை எதிர்க்க வேண்டும். முதலில் செல்வது ‘மோல்டன் கோர்’ என்னும் எரிமலைக் குகை. அங்குதான் எங்களுக்கு ஏமாற்றம் காத்திருந்தது.

நாற்பது பேருக்கும் வேலை மூன்று வகை. சிலர் பகைவனின் அடியைத் தம்மேல் வாங்கித் தாங்க வேண்டும். சிலர் அடிபட்டவரைக் குணமாக்க வேண்டும். ஏனையோர் பகைவனை அடித்து வீழ்த்த வேண்டும். பாலடினால் மூன்றும் முடியும் அல்லவா? முடியும், ஆனால் எதிலும் முதலிடம் இல்லை. பகைவன் வேறொருவரைத் தாக்கத் திரும்பினால் அவனைத் தன் பக்கம் இழுக்கும் வித்தை போர்வீரரிடம் உண்டு, பாலடினிடம் இல்லை. ஆகவே தாங்கும் வேலை போயிற்று. அடிப்பதிலோ ரோக் என்ற கள்வரும் மேஜ் என்ற மந்திரவாதியும் பல மடங்கு மேல். ஆகவே அதுவும் போயிற்று. “நீ பின்னால் நின்று குணமாக்கு, எல்லாருக்கும் ஆசி கொடு” என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார்.

இந்த ‘ஆசி’ இருக்கிறதே, அது தனிக்கதை. பாலடின் ஒருவருக்கு அளிக்கும் ஆசி ஐந்து நிமிடம்தான் நிற்கும். ஒரு ஆசிக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை நொடி இடைவெளி வேண்டும். நாற்பது பேருக்கும் கொடுத்து முடிக்க எத்தனை நேரம்? கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தோம்: சரியாக 60 நொடி. அதாவது 2005-இல் ஆடிய பாலடின் ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தை ஆசி கூறியே கழித்திருக்கிறார்! குறைகள் குவிந்ததாலோ என்னவோ, ஒரே வேடக்காரர் அனைவருக்கும் ஒருசேரப் பதினைந்து நிமிடம் நிற்கும் பெரிய ஆசியைப் பின்னர் சேர்த்தார்கள். அண்ணன் காலத்தில் அந்த வசதி இருந்தது. சம்மட்டிக்குத்தான் வேலை வரவில்லை.

இன்னும் ஒரு கொடுமை. குணமாக்கும் ஆற்றலைக் கூட்டும் உடைகள் பெரும்பாலும் துணியால் ஆனவை. ஒரு நாள் அண்ணன் அந்தப் பொன்னிறக் கவசத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத் துணி அங்கியை மாட்டிக்கொண்டார். சின்னத் தங்கை அழுதே விட்டாள். “நீங்கதானே பாலடின் வேணும்னு சொன்னீங்க?” என்றார் அண்ணன். எங்களுக்குக் குற்ற உணர்வு. இரண்டு மாத உழைப்பைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து வேறு வேடத்தில் தொடங்கலாமா என்று அவர் யோசிக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

அதனால் மற்ற வேடங்களை உற்றுப் பார்க்கலானோம். யார் மகிழ்ச்சியாயிருக்கிறார், யார் வருந்துகிறார் என்பதே எங்கள் ஆராய்ச்சி.

கரடியாகவும் சிறுத்தையாகவும் உருமாறக் கூடியவர் ட்ரூயிட். ஆசைப்பட்டு எடுத்தவருக்குப் பத்தாவது படி வரை கரடி உருவமே கிடையாது. அதற்குப் பிறகு நாற்பது பேர் குழுவில் சேர்ந்தால், “உருமாறாதே, குணமாக்கு” என்பார்கள். பாலடின் கதையேதான். எனினும் 2019-க்குப் பிறகு ஆடியவர்கள் விடாப்பிடிக்காரர்கள். பகைவனின் கவனத்தைத் தன்மேல் நிறுத்துவதில் கரடி போர்வீரருக்குச் சளைத்ததல்ல என்று காட்டினார்கள். சிறுத்தையாக நின்று அடிக்கவும் ஒரு வழி கண்டார்கள். நோமெரெகன் என்ற சுரங்கத்தில், முப்பதாவது படியில் உள்ளவர்கள் செல்லும் இடத்தில், ஒரு இயந்திரப் பகைவனிடமிருந்து ஒரு கதாயுதம் கிடைக்கும். அதைப் பயன்படுத்தினால் அடிக்கும் வேகம் பாதிக்குப் பாதி கூடும். ஆனால் அரை நிமிடம்தான், மூன்றே தடவைதான். பிறகு அந்த ஆற்றல் தீர்ந்துவிடும். எனவே 60-ஆவது படி ட்ரூயிடுகள் வாரந்தோறும் அந்தச் சின்னச் சுரங்கத்திற்குத் திரும்பத் திரும்பப் போய்க் கதாயுதங்களைப் பை நிறையச் சேர்த்து வருவார்கள். இவ்வளவு பாடுபட்டும் அவர்கள் அடிப்பவர் பட்டியலில் முதலிடம் பெறுவது அரிது. ஆனாலும் போகிறார்கள்! எங்களுக்கு இவர்கள்மேல் பெரு மதிப்பு உண்டாயிற்று.

மேஜ் மந்திரவாதிகளில் தீயை விரும்பி எடுத்தவர்களின் நிலை வேடிக்கையானது. மோல்டன் கோர் எரிமலைக்குள் இருக்கிறது. அங்குள்ள பகைவர்களில் பலர் தீயாலேயே ஆனவர்கள். தீமேல் தீ எறிந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எனவே எல்லா மேஜ்களும் பனி மந்திரம் கற்க வேண்டியதாயிற்று. அத்தோடு, மந்திர சக்தி தீர்ந்தவர்கள் குடிப்பதற்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுக்கும் வேலையும் அவர்களுக்கே. இன்னவர்தான் தண்ணீர் தரவேண்டும் என்று ஆடத் தொடங்கும் முன் யாரும் சொல்வதில்லை.

வார்லாக் என்பவர் சாபமிடுபவர். பகைவன் மெல்ல மெல்லக் கரைந்து போகும்படி பல சாபங்களை அடுக்குவதே அவருடைய சிறப்பு. இங்கே ஒரு விதி குறுக்கிட்டது. ஒரு பகைவன்மேல் ஒரே நேரத்தில் பதியக் கூடிய தீய விளைவுகள் 16 மட்டுமே. தொடக்க காலத்தில் 8-தான். பதினேழாவது வந்தால் முன்னால் இருப்பவற்றில் ஒன்று விழுந்துவிடும். நாற்பது பேர் கூடிய இடத்தில் 16 எம்மாத்திரம்? “உனக்கு ஒரே ஒரு சாபம். மற்ற நேரமெல்லாம் கருநிறக் குண்டை மட்டும் எறி” என்று வார்லாக்குக்கு உத்தரவு. தம் கலையையே பூட்டி வைக்க வேண்டிய நிலை.

ஆனால் இவருக்கே எதிர்பாராத ஒரு பெருமையும் வாய்த்தது. ஆன்கிராஜ் என்ற கோவிலில் இரட்டை மன்னர்கள் இருக்கிறார்கள். ஒருவனை ஆயுதம் தொடாது. மற்றவனை மந்திரம் தொடாது. ஆயுதம் தொடாதவனைப் போர்வீரர் எப்படித் தன் பக்கம் இழுத்து வைப்பார்? அந்த இடத்தில் துணி அங்கி மட்டுமே அணிந்த வார்லாக்கை முன்னால் நிறுத்தினார்கள். அவரே அடி வாங்கித் தாங்கினார்! கவசமே இல்லாதவர் கவசக்காரரின் இடத்தில் நிற்பதை விளையாட்டின் படத்தைப் பார்த்து யாரும் ஊகித்திருக்க முடியாது.

போர்வீரரைப் பற்றி ஒரு வரி போதும். தொடக்கத்தில் அவரைப்போல் பாடுபடுபவர் இல்லை. ஆனால் நல்ல ஆயுதம் கிடைத்துவிட்டால் அடிப்பவர் பட்டியலின் உச்சியில் அவர்கள் பெயர்தான்.

எங்களுக்கு மிகப் பிடித்தது ஹண்டர். ஒரு விலங்கைப் பழக்கி உடன் அழைத்துச் செல்லும் வேட்டைக்காரர். பழைய வடிவத்தில் அந்த விலங்குக்கு வேளா வேளைக்கு உணவு கொடுக்க வேண்டும். பூனையினம் என்றால் இறைச்சியும் மீனும் மட்டுமே தின்னும். கவனிக்காமல் விட்டால் மனம் வெறுத்து, ஒரு நாள் ஓடியே போய்விடும்! அம்புகளையும் எண்ணி எண்ணிச் சுமக்க வேண்டும். ‘எளிய வேடம், தெரியாதவர் எடுப்பது’ என்று ஹண்டரை இளக்காரமாகப் பேசுவது வழக்கம். அவர்கள் இல்லாமல் மோல்டன் கோரில் இரண்டாவது பெரும் பகைவனான மேக்மடாரைத் தாண்ட முடிவதில்லை என்பதை அப்போது மறந்துவிடுவார்கள். அது இரண்டு தலை கொண்ட பெரிய நாய். அவ்வப்போது அதற்கு வெறி பிடிக்கும். அந்த வெறியை அடக்கும் அம்பு ஹண்டரிடம் மட்டுமே உண்டு. அந்த வித்தைக்கான புத்தகமும் முதல் பகைவனைக் கொன்றால்தான் கிடைக்கும்.

அந்த மேக்மடாரிடம்தான் ஒரு ஜூன் மாத இரவு அண்ணனின் குழு அகப்பட்டுக்கொண்டது. ஹண்டரின் அம்பு தவறியது. அடுத்தவர் எய்ய வேண்டும், அவர் தாமதித்துவிட்டார். நாய் வெறிகொண்டு முன்னால் நின்ற போர்வீரரை வீழ்த்தியது. பிறகு ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள். எல்லாரும் இறந்தால், தொலைவிலுள்ள கல்லறையிலிருந்து ஆவியாகக் குகை வரை ஓடி வரவேண்டும். நாற்பது பேரும் வந்து சேர்வதற்குள் நெடுநேரம் ஆகிவிடும். சிலர் வெறுத்துத் தூங்கப் போய்விடுவார்கள். அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்ததென்றே நினைத்தோம்.

அண்ணன் அவசரமாக ஏதோ ஒரு பொத்தானைத் தேடினார். அவருடைய பாலடின் சட்டென்று கீழே விழுந்து இறந்தார். “ஐயோ அண்ணா!” என்று அலறினோம். அவர் திரையின் ஓரத்தைச் சுட்டிக் காட்டினார். அங்கே பிரீஸ்ட் ஒருவரைச் சுற்றி ஒளி சூழ்ந்திருந்தது. நாய் அவரைத் தொடாமல் திரும்பிப் போயிற்று. பாலடின் தன் உயிரைக் கொடுத்தால் தான் குறித்த ஒருவரை மூன்று நிமிடம் எந்தப் பகைவனும் தீண்ட முடியாது. அவரும் அதுவரை ஒன்றும் செய்ய முடியாது. ஒன்பது வேடங்களில் இந்த வித்தை பாலடினுக்கு மட்டும்தான். (2010-இல் புதிய வடிவத்திலிருந்து இதை நீக்கிவிட்டார்களாம். ஏன் நீக்கினார்களோ, எங்களுக்குச் சம்மதமில்லை.)

எல்லாரும் விழுந்த பின் குகை அமைதியாயிற்று. ஒளிக்குள் இருந்த பிரீஸ்ட் ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். முதலில் அண்ணனின் பாலடினைத்தான் எழுப்பினார். பாலடினுக்கும் பிறரை எழுப்பத் தெரியும் அல்லவா? பிறகு இருவருமாக ஒவ்வொருவராய் எழுப்பினார்கள். யாரும் ஓடி வர வேண்டியிருக்கவில்லை. யாரும் தூங்கப் போகவும் இல்லை.

“வேறே வேடம் எடுக்கப் போறீங்களா அண்ணா?” என்று கேட்டாள் சின்னத் தங்கை.

“இருடி, வேலையிருக்கு” என்றார் அண்ணன். இறந்து எழுந்தவர்களிடம் பழைய ஆசி எதுவும் தங்கியிருக்காது. நாற்பது பேருக்கும் மறுபடி கொடுக்க வேண்டும்.