கைக்கடிகாரத்துக்கு லட்சங்கள்: எப்போது நியாயம்?

மணிக்கட்டில் கட்டும் ஒரு பொருள் அரசியல் செய்தியாவது நம் நாட்டில் அவ்வப்போது நிகழ்கிறது. 2016-இல் அன்றைய கர்நாடக முதல்வர் சித்தராமையா அணிந்திருந்த ஹூப்ளோ கைக்கடிகாரத்தின் மதிப்பு 70 லட்சம் ரூபாய் என்று எதிர்த்தரப்பினர் கூறினர். நண்பர் ஒருவர் அளித்த பரிசு அது என்று விளக்கமளித்த அவர், பின்னர் அதை அரசின் சொத்தாகக் கருதும்படி சட்டப்பேரவைத் தலைவரிடம் ஒப்படைத்தார். 2022 டிசம்பரில் தமிழ்நாட்டில் அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை அணிந்திருந்த கைக்கடிகாரம் பேசுபொருளாயிற்று. ரஃபேல் போர் விமானத்தை முன்வைத்து பெல் அண்ட் ராஸ் நிறுவனம் 500 மட்டுமே தயாரித்த கடிகாரங்களுள் அதுவும் ஒன்று. அதற்கான ரசீது எங்கே என்று அமைச்சர் செந்தில் பாலாஜி கேட்டார். 2023 ஏப்ரலில் ரசீதை வெளியிட்ட அண்ணாமலை, மற்றொருவரிடமிருந்து மூன்று லட்சம் ரூபாய்க்கு வாங்கியதாகத் தெரிவித்தார்.

இவ்விரு சர்ச்சைகளிலும் விவாதிக்கப்பட்டது, அது யார் பணம், எவ்வழியில் வந்தது என்பதே. பொதுவாழ்வில் இருப்போரிடம் அவசியம் கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால், அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. நேர்மையாக ஈட்டி, வரியும் செலுத்திய பணமே ஆனாலும், நேரம் பார்க்கும் ஒரு கருவிக்கு லட்சக்கணக்கில் செலவிடுவது எப்போதேனும் நியாயமாகுமா?

பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, இக்கேள்வியைப் பாடநூலை விடவும் பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த மீனவச் சிற்றூர்கள் நன்கு விளக்குகின்றன. குறிப்பாக, காட்டுப்பள்ளி. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் உப்பங்கழி; இடையில் சரக்குப் பெட்டகங்கள் வந்திறங்கும் துறைமுகம். அதை இப்போதுள்ள சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டதும், மீனவர்கள் அதை எதிர்த்துப் போராடி வருவதும் நாம் அறிந்தவை. கடலின் போக்கைப் பார்த்துத் தொழிலுக்குப் போகும் வாழ்க்கையும், பணிமுறை நேரத்தைப் பார்த்து வேலைக்குப் போகும் வாழ்க்கையும் அங்கு ஒரே தெருவில் இருக்கின்றன. ஒரு பொருளின் பயன் எது, பகட்டு எது என்று பிரித்துப் பார்க்க ஏற்ற இடம் அது.

விலையுயர்ந்த கடிகாரத்துக்குப் பொதுவாக நான்கு நியாயங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, பயன். கடிகாரத்துக்குப் பெருஞ்செலவு செய்தது முற்றிலும் நியாயமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நியாயம் கடலில்தான் பிறந்தது. நடுக்கடலில் கிழக்கு மேற்காகத் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அறிய வழியின்றி மாலுமிகள் தவித்தனர். 1707-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நான்கு, இருக்குமிடம் தெரியாமல் சில்லித் தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இச்சிக்கலுக்குத் தீர்வு காண்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. தச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய ஜான் ஹாரிசன் உருவாக்கிய கடிகாரம், 1761-இல் தொடங்கிய ஜமைக்கா பயணத்தில், 81 நாள்களில் ஏறத்தாழ ஐந்து விநாடிகள் மட்டுமே பின்தங்கியது.

ஐந்து விநாடிக்கு அத்தனை மதிப்பு ஏன்? பூமி தன்னைத்தானே சுற்றும் வேகத்தில், நான்கு விநாடிப் பிழை என்பது நிலநடுக்கோட்டில் ஒரு கடல்மைல் பிழையாகும். பாறை எந்தப் பக்கம் என்பதை அந்த ஒரு மைல் தீர்மானிக்கும். ஹாரிசனின் கடிகாரத்தைப் பார்த்து லார்கம் கெண்டல் செய்த நகலுக்கு 450 பவுண்டு ஆயிற்று. அது அன்று பெருந்தொகை. கேப்டன் குக் தம் இரண்டாவது பயணத்தில் அதை எடுத்துச் சென்று, அதன் துல்லியத்தை மனமாரப் பாராட்டினார். உயிர்களைக் காக்கும் கருவிக்குக் கொடுத்த விலை வீண் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்று அந்த நியாயம் இடம் மாறிவிட்டது. ஃபைபர் படகில் செல்லும் மீனவர் கையில் வைத்திருக்கும் சிறிய ஜிபிஎஸ் கருவி, செயற்கைக்கோள்களில் உள்ள அணுக் கடிகாரங்களின் நேரத்தைக் கொண்டே அவர் இருக்குமிடத்தைக் கணிக்கிறது. மணிக்கட்டுக் கடிகாரங்களிலும் இதே கதைதான். 1969-இல் ஜப்பானின் சீகோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை நாலரை லட்சம் யென். ஒரு சிறிய காரின் விலை. இன்று சில நூறு ரூபாய்க்கே குவார்ட்ஸ் கடிகாரம் கிடைக்கிறது. அதனுள்ளே இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்குச் சுமார் 15 விநாடிகளே பிசகும். சுவிட்சர்லாந்தில் சோதித்துச் சான்றளிக்கப்படும் உயர்தர இயந்திரக் கடிகாரமோ, நாளொன்றுக்கு நான்கு விநாடி பின்தங்கவும் ஆறு விநாடி முந்தவும் அனுமதிக்கப்படுகிறது. அதாவது, நேரம் காட்டுவதில் பத்து லட்சம் ரூபாய்க் கடிகாரம் ஐந்நூறு ரூபாய்க் கடிகாரத்திடம் தோற்கிறது. பயன் என்ற நியாயம் இதோடு முடிந்துவிடுகிறது.

இதைப் பொருளியலின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித் 1759-லேயே கவனித்தார் என்பது வியப்பளிக்கும். நன்னெறி உணர்வுகள் குறித்த தம் நூலில் அவர் கைக்கொண்ட எடுத்துக்காட்டே கடிகாரம்தான். நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பிசகும் கடிகாரத்தை ஒருவர் வெறுத்து, அற்ப விலைக்கு விற்றுவிட்டு, பல மடங்கு விலையில் துல்லியமான ஒன்றை வாங்குகிறார். ஆனால், அவர் பிறரை விடக் குறித்த நேரத்துக்கு வருபவராக இருப்பதில்லை என்கிறார் ஸ்மித். பயனை அல்ல, பயனைத் தரும் பொறியின் நேர்த்தியையே மனிதர் நேசிக்கின்றனர் என்பது அவருடைய முடிவு.

இது இரண்டாவது நியாயத்துக்கு இட்டுச் செல்கிறது: கைவினையும் வேலைவாய்ப்பும். நுண்ணிய பற்சக்கரங்களைக் கையால் மெருகேற்றும் கலைஞர்களை வாழவைப்பவர்கள் செல்வந்தர்கள்தாமே என்பது வாதம். பழவேற்காட்டைப் பற்றி எழுதும் எவரும் இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பியதற்கு முதற்காரணம் சோழமண்டலத் துணிகள். பழவேற்காட்டின் பெயரிலேயே விற்ற கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிகளை ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதே பெயரில் நெய்து விற்கும் அளவுக்கு அவற்றுக்கு மதிப்பு இருந்தது. மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் ‘கைன் பெலிக்கட்’. நைஜீரியாவின் கலாபாரி மக்கள் சென்னைக் கட்டத் துணியைத் திருமணத்திலும் ஈமச் சடங்கிலும் பெருமைக்குரிய பொருளாகப் போற்றினர். எங்கோ ஒருவருடைய பெருமித உணர்வு, நம் கரையில் ஒரு தறியை இயக்கியது.

ஆகவே, ஆடம்பரம் அனைத்தும் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் வேலைவாய்ப்பு வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. பணம் எதில் செலவானாலும் யாருக்கோ வேலை தரும். படகுக்கு எஞ்சின் வாங்கினாலும், பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் கட்டினாலும் அப்பணம் ஒருவருடைய ஊதியமாகவே மாறுகிறது. எனவே, ‘வேலை தருகிறது’ என்பது கடிகாரத்துக்கு மட்டுமே உரிய சிறப்பாகாது. கைவினையை உண்மையிலேயே அறிந்து நேசிப்பவருக்கு மட்டுமே இந்த நியாயம் பொருந்தும். ஓவியத்தையோ வீணையையோ விலை பாராமல் வாங்குபவருக்கு நாம் தரும் மதிப்பை அவருக்கும் தரலாம்.

மூன்றாவது நியாயம், முதலீடு. 2017-இல் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமன் அணிந்த ரோலக்ஸ் 1.77 கோடி டாலருக்கு ஏலம் போனது. 2009-இல் காந்தியடிகளின் ஜெனித் பைக் கடிகாரம், மூக்குக் கண்ணாடி, செருப்பு உள்ளிட்ட எளிய உடைமைகளை 18 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தவர் விஜய் மல்லையா. இவை இரண்டிலும் விலை போனது கடிகாரம் அல்ல. அதை அணிந்தவரின் வரலாறு. நம்மைப் போன்றோர் அணியும் கடிகாரங்களில் பெரும்பாலானவை, கடை வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கிவிடும். தட்டுப்பாடுள்ள சில பெயர்களின் மறுவிற்பனை விலைகூட 2022-இன் தொடக்கத்தில் உச்சம் தொட்டுப் பின் சரிந்தது.

முதலீட்டுக்கு மீனவக் குடும்பங்களில் எளிய சோதனை ஒன்று உண்டு: அவசரத்துக்கு அடகு வைக்க முடியுமா? புயல் நாள்களில் கடலுக்குப் போக முடியாதபோதும், வலை கிழிந்து எஞ்சின் பழுதானபோதும், பெண்களின் கழுத்திலும் காதிலும் உள்ள தங்கம் வங்கிக்கோ அடகுக் கடைக்கோ போகும். மீன்பாடு நன்றாக இருந்தால் திரும்பி வரும். தங்கத்தை ஆடம்பரம் என்று நகரத்து அறிவாளிகள் குறை கூறுவதுண்டு. ஆனால், எடை போட்ட அரைமணி நேரத்தில் கடனாக மாறும் பொருள் அது. லட்ச ரூபாய்க் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பொன்னேரியில் எந்த அடகுக் கடைக்குப் போவது? விற்க வேண்டிய நாளில் வாங்க ஆள் இல்லாத பொருள், சேமிப்பு ஆகாது.

எஞ்சியிருப்பது நான்காவது நியாயம்: கௌரவம். வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டாலும், பெரும்பாலான விற்பனை இதனால்தான் நடக்கிறது. பகட்டுக்காகச் செய்யும் நுகர்வை 1899-இல் தார்ஸ்டைன் வெப்லன் விளக்கினார். பிறரிடம் இல்லாததாலேயே மதிப்புப் பெறும் பொருள்களை ‘நிலைசார் பொருள்கள்’ என 1976-இல் ஃபிரெட் ஹிர்ஷ் வகைப்படுத்தினார். 500 மட்டுமே தயாரிக்கப்படும் கடிகாரத்தை அனைவருக்கும் கிடைக்கச் செய்தால் அதன் மதிப்பே போய்விடும். அரிசி அப்படியல்ல; பக்கத்து வீட்டாரும் உண்பதால் என் சோற்றின் சுவை குறைவதில்லை.

இங்கேதான் தனிமனித விருப்பம் பிறரைப் பாதிக்கத் தொடங்குகிறது. மேலே உள்ளவர் ஒரு படி ஏறினால், கீழே உள்ளவர் இருந்த இடத்திலேயே தாழ்ந்தவராகிறார். அதை ஈடுகட்ட அவரும் தம் சக்திக்கு மீறிச் செலவிடுகிறார். காட்டுப்பள்ளிப் பகுதியில் ஒப்பந்த வேலைக்குச் செல்லும் இளைஞர் பத்து லட்சத்தில் கடிகாரம் வாங்கப் போவதில்லை. ஆனால், மாதத் தவணையில் விலையுயர்ந்த கைப்பேசி, மோட்டார் சைக்கிள், பெரிய கடிகாரத்தைப் போலத் தோன்றும் ஒரு கடிகாரம் என்று அதே ஓட்டத்தில் அவரும் இழுக்கப்படுகிறார். அவருக்கு அறிவுரை கூறுவது எளிது. பெண் பார்க்கப் போகும் வீட்டிலும் வேலை கேட்கப் போகும் இடத்திலும் தோற்றத்தை வைத்தே எடைபோடும் சமூகத்தில், அவருடைய செலவை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. கண்ணியமான மனிதர் வெளியே வரக் கூசாதிருக்கத் தேவையானவையும் அத்தியாவசியப் பொருள்களே என்று 1776-லேயே எழுதியவர் ஆடம் ஸ்மித். அந்தத் தேவையின் அளவுகோலை உயர்த்திக்கொண்டே போவோரின் பங்கையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

இத்தகைய முடிவில்லாப் போட்டியைக் கட்டுப்படுத்தும் வழியைப் பழவேற்காட்டு மீனவர்கள் தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ‘பாடு’. ஏரியில் இறால் நன்கு கிடைக்கும் இடங்களுக்கு எல்லோரும் முந்தியடித்தால் சண்டையும் வீண் செலவுமே மிஞ்சும். ஆகவே, உரிமையுள்ள ஊர்களின் தலைக்கட்டுகள் சீட்டுக் குலுக்கி, எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கின்றனர். நல்ல இடம் இன்று ஒருவருக்கு, நாளை மற்றொருவருக்கு. பாட்டுக்குள் யார் வரலாம் என்பதில் அதற்கும் குறைகள் உண்டு. சாதியும் ஊரும் எல்லை வகுக்கின்றன. ஆயினும், அனைவரும் ஓடினால் அனைவரும் இழப்பர் என்ற இடத்தில், ஓட்டத்துக்கே ஒரு விதி வைக்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

கௌரவப் போட்டிக்கு அரசு வைக்கக்கூடிய விதி, வரி. தடை விதித்தால் கடத்தல் பெருகும் என்பதை நம் நாடு கண்டிருக்கிறது. பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை விற்கும்போது வாங்குபவரிடம் ஒரு சதவீதத்தை வருமான வரிக்காக வசூலிக்க வேண்டும் என்ற விதி, 2025 ஏப்ரல் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இது கூடுதல் வரியன்று. கணக்குத் தாக்கல் செய்கையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால், வாங்கியவர் யார் என்ற தடம் அரசிடம் இருக்கும். மறுபுறம், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் 2024 மார்ச்சில் கையெழுத்தாகி, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தால் சுவிஸ் கடிகாரங்களுக்கான இறக்குமதித் தீர்வை படிப்படியாகக் குறையவுள்ளது. வர்த்தகத்தில் கொடுத்துப் பெறுவது இயல்பே. ஆயினும், இறக்குமதியில் இழப்பதை உள்நாட்டு ஆடம்பர வரியில் ஈடுசெய்வது பற்றி அரசு சிந்திக்க வேண்டும். பலரும் வாங்க முயலும் பொருளுக்கு வரி விதித்தால் உற்பத்தி பாதிக்கப்படலாம். விலை அதிகம் என்பதாலேயே விரும்பப்படும் பொருளுக்கு வரி விதித்தால் வாங்குபவரின் மகிழ்ச்சிகூடப் பெரிதாகக் குறையாது.

முடிவாக, பெருந்தொகைக்குக் கைக்கடிகாரம் வாங்குவது நியாயமாகுமா? மூன்று கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால் ஆகலாம் என்பதே என் கருத்து. பணம் வந்த வழியைத் தயக்கமின்றிச் சொல்ல முடியுமா? வீட்டாருக்கும் தம்மிடம் வேலை செய்வோருக்கும் தர வேண்டியதைத் தந்த பின் மிஞ்சியதா? ஒருவர் கண்ணிலும் படாமல் சட்டைக் கைக்குள்ளேயே இருக்கும் என்றாலும் அதை வாங்குவாரா? முதல் கேள்வி சட்டத்துக்கு உரியது. இரண்டாவது அறத்துக்கு உரியது. மூன்றாவது அவரவர் மனச்சான்றுக்கு உரியது. பொதுவாழ்வில் இருப்பவர்கள் முதல் கேள்விக்கு, பிறர் கேட்கும் முன்பே ரசீதுடன் விடை தர வேண்டும்.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வசதி படைத்தோரின் விரல் பெரிதாகவே இருக்கட்டும். ஆனால், அவர்களுடைய வீக்கத்தைப் பார்த்துத் தம் விரலைக் கட்டிக்கொள்ளும் இளைஞர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். நிலமும் நீரும் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் காட்டுப்பள்ளியில், ஒரு தவணைக் கடனின் விலை அடுத்த ஆண்டின் கல்விக் கட்டணமாக இருக்கக்கூடும். அந்த விலையையும் சேர்த்துத்தான் ஆடம்பரத்தின் உண்மையான விலையைக் கணக்கிட வேண்டும்.