3-0 என்று தோற்றும் குழுவில் முதலிடம்: தகுதிச் சுற்றின் கணக்கு என்ன?

ஈப்போ – புந்தோங்கில் ஒரு தேநீர்க் கடை. தொலைக்காட்சியில் இளையோர் காற்பந்துத் தகுதிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு ஆட்டத்துல தோத்துட்டா அவ்வளவுதானே, அப்புறம் எப்படி மேல போவாங்க?" என்று கேட்டார் ஒரு பெரியவர். பக்கத்து மேசையில் இருந்த இளைஞர், "அது கோல் வித்தியாசம் பார்ப்பாங்க அங்கிள்" என்றார். பெரியவருக்குத் திருப்தி இல்லை. உண்மையில் அந்தப் பதில் முழுமையானதும் இல்லை.

இதை விளங்கிக்கொள்ள நம் நாட்டு அணியே நல்ல எடுத்துக்காட்டு. 2017 ஜூலையில் பேங்காக்கில் நடந்த 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் காற்பந்துப் போட்டியின் தகுதிச் சுற்றை எடுத்துக்கொள்வோம். மலேசியா இடம்பெற்றது 'எச்' குழுவில். உடன் இருந்த அணிகள் தாய்லாந்து, இந்தோனேசியா, மங்கோலியா.

அந்தத் தகுதிச் சுற்றில் 40 நாடுகள் பங்கேற்றன. குழுவுக்கு நான்கு அணிகள் என 10 குழுக்கள். ஒவ்வொரு அணியும் மற்ற மூன்று அணிகளோடு ஒரு முறை மோத வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி, தோல்விக்கு ஒன்றும் இல்லை. சீனாவில் நடக்கவிருந்த இறுதிச் சுற்றில் மொத்தம் 16 இடங்கள். ஏற்று நடத்தும் சீனாவுக்கு ஓர் இடம், குழு வெற்றியாளர்களுக்குப் பத்து இடம். மீதமிருந்த ஐந்து இடங்கள், இரண்டாம் நிலையில் முடித்த அணிகளில் சிறந்த ஐந்துக்கு.

மூன்று ஆட்டங்கள், ஆறு புள்ளிகள்

முதல் நாளில் மலேசியா இந்தோனேசியாவை 3-0 என வென்றது. அதே நாளில் தாய்லாந்து, யாரும் எதிர்பாராத வகையில், மங்கோலியாவுடன் 1-1 எனச் சமநிலை கண்டது.

இரண்டாவது ஆட்டத்தில் நிலைமை தலைகீழானது. தாய்லாந்திடம் மலேசியா 0-3 எனத் தோற்றது. இந்தோனேசியாவோ மங்கோலியாவை 7-0 எனப் பந்தாடியது. அன்றிரவு புள்ளி நிலவரம் இது: தாய்லாந்து 4, மலேசியா 3, இந்தோனேசியா 3, மங்கோலியா 1.

கடைசி நாளில் மலேசியா மங்கோலியாவை 2-0 என வென்று ஆறு புள்ளிகளை எட்டியது. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் கோல் ஏதுமின்றிச் சமநிலை கண்டன. முடிவில் பட்டியல் இப்படி அமைந்தது:

மலேசியா – 6 புள்ளி (அடித்த கோல் 5, விட்ட கோல் 3)
தாய்லாந்து – 5 புள்ளி (4, 1)
இந்தோனேசியா – 4 புள்ளி (7, 3)
மங்கோலியா – 1 புள்ளி (1, 10)

இந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கோல் வித்தியாசத்தில் முதலில் இருப்பது இந்தோனேசியா (+4). அடுத்தது தாய்லாந்து (+3). மலேசியாவுக்கு +2 மட்டுமே. தாய்லாந்து ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் முதலிடம் மலேசியாவுக்கு! இரண்டு சமநிலைகள் சேர்ந்தும் 2 புள்ளிதான். ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்றால் 3 புள்ளி. ஏழு கோல் அடித்து வென்றாலும், ஒரே கோலில் வென்றாலும் கிடைப்பது அதே 3 புள்ளிதான்.

தேநீர்க் கடை இளைஞர் சொன்னபடி கோல் வித்தியாசத்தை மட்டும் பார்த்திருந்தால், மலேசியா மூன்றாம் இடத்துக்குப் போயிருக்கும்.

புள்ளிகள் சமமானால்?

பலர் குழம்புவது இங்கேதான். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி, ஒரே குழுவில் இரண்டு அணிகள் சம புள்ளி பெற்றால் முதலில் பார்க்கப்படுவது மொத்த கோல் வித்தியாசம் அல்ல. அவ்விரு அணிகளும் தங்களுக்குள் மோதிய ஆட்டத்தின் முடிவே முதலில் பார்க்கப்படும். அதிலும் பிரிக்க முடியாவிட்டால்தான் குழுவின் மொத்த கோல் வித்தியாசம், அதன் பிறகு அடித்த மொத்த கோல்கள். அதற்கும் அப்பால் மஞ்சள், சிவப்பு அட்டைகளின் எண்ணிக்கைகூடக் கணக்கில் வரும். எதுவும் கைகொடுக்காத நிலையில்தான் குலுக்கல்.

கடைசி நாளில் இந்தோனேசியா தாய்லாந்தை வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தோனேசியாவுக்கும் 6, மலேசியாவுக்கும் 6. கோல் வித்தியாசத்தில் இந்தோனேசியா மிகவும் முன்னால். ஆனால், நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தில் வென்றது மலேசியா. ஆகவே அப்போதும் முதலிடம் நமக்கே. முதல் நாள் பெற்ற அந்த 3-0 வெற்றியின் மதிப்பு கடைசி நாள்வரை குறையவே இல்லை.

தாய்லாந்து சிறந்த இரண்டாம் நிலை அணிகளில் ஒன்றாகத் தகுதி பெற்றது. வெவ்வேறு குழுக்களில் உள்ள இந்த அணிகள் தங்களுக்குள் மோதியிருக்காது. எனவே அவற்றை ஒப்பிடும்போது புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல் என்ற வரிசை பின்பற்றப்படும். இளைஞரின் பதில் இங்கே பொருந்தும்.

அதன் பிறகு நடந்தது

பயிற்றுநர் ஓங் கிம் சுவீயின் தலைமையில், 2018 ஜனவரியில் மலேசியா முதன்முறையாக அந்த இறுதிச் சுற்றில் களமிறங்கியது. ஈராக்கிடம் 1-4 எனத் தோல்வி, ஜோர்டானுடன் 1-1 சமநிலை, சவூதி அரேபியாவை 1-0 என வெற்றி. நான்கு புள்ளிகளோடு குழுவில் இரண்டாம் இடம், காலிறுதி வாய்ப்பு. அங்கே தென் கொரியாவிடம் 1-2 எனப் போராடித் தோற்றது. மலேசியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் என். தனபாலன். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் இந்தோனேசியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் தலையால் முட்டி வெற்றிக் கோலைப் போட்டவரும் அவரே.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

சுங்கை சிப்புட், செம்மோர், பீடோர் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயத்துக்குப் பக்கத்தில் இருந்த திடல்கள் பல மறைந்துவிட்டன. ஆனால் மாலையானால் பந்தோடு ஓடும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன.

முதலாவது, வயது வரம்பு. 2018 போட்டிக்கு 1995 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களே தகுதி பெற்றார்கள். 1994 டிசம்பர் 31-இல் பிறந்தவருக்கு அதில் இடமில்லை. ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளை தன் பிரிவில் மூத்தவனாக இருப்பான். டிசம்பரில் பிறந்தவன் கிட்டத்தட்ட ஒரு வயது இளையவனாக அதே திடலில் மோதுவான். 12 வயதில் ஓராண்டு வளர்ச்சி பெரிய வேறுபாடு. உடல் சிறியது என்பதற்காக டிசம்பர் பிள்ளையைத் 'திறமை இல்லை' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இரண்டாவது, பத்திரங்கள். அனைத்துலகப் போட்டியில் நாட்டைப் பிரதிநிதிக்க மலேசியக் கடப்பிதழ் வேண்டும். கடப்பிதழுக்கு அடையாள ஆவணமும், அதற்குப் பிறப்புப் பத்திரமும் வேண்டும். நம் சமூகத்தில் ஆவணம் இல்லாதோர் பிரச்சினை புதிதல்ல. 2011-இல் 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கத்தையே அரசாங்கம் நடத்த நேர்ந்தது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதிவு செய்யாத குடும்பங்கள் இன்றும் உண்டு. தாய் வெளிநாட்டவராக இருந்தால், பெற்றோரின் பதிவில்லாத் திருமணம் பிள்ளையின் குடியுரிமையையே பாதிக்கும்.

பள்ளிப் போட்டி, மாவட்டம், மாநிலம், பிறகு தேசிய அளவிலான பள்ளிகள் போட்டி என்பதுதான் வழக்கமான பாதை. சிறந்தவர்களுக்குப் பகாங், கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமி போன்ற இடங்களின் கதவும் திறக்கும். தொடக்கப் படிகளில் திறமை மட்டுமே போதும். மேலே போகப் போக ஆவணம் கேட்பார்கள். 15 வயதில் தேர்வுக்கு அழைப்பு வந்த பிறகு பத்திரம் தேடி அலைந்தால், அந்த ஆண்டின் அணி பிள்ளைக்காகக் காத்திருக்காது.

பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் பெயரும் தேதியும் சரியாக உள்ளனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பிழையோ, பத்திரமே இல்லாத நிலையோ இருந்தால் அருகிலுள்ள தேசியப் பதிவு இலாகாவுக்குச் செல்லுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால், பள்ளித் தலைமையாசிரியரையோ வட்டாரச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தையோ உடன் சேர்த்துக்கொள்ளலாம்.