கதையைப் பெட்டியில் அடைப்போம்



மாசி மாதம் வந்தால் நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். நேற்று வரை கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் மன்மதனாகிவிடுவார். ஆனால் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தே தீர வேண்டும்.

முடிவு தெரியாத ஒரு கூத்தை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாலைந்து பேர் ஆடினால்? ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். "ஆற்றில் வெள்ளம். என்ன செய்கிறாய்?" என்று கதை சொல்பவர் கேட்பார். "பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன்" என்பார் ஒருவர். கரை சேர்ந்தாரா என்பதைத் தாயக்கட்டை சொல்லும்.

இப்படியான விளையாட்டை முதன்முதலில் அச்சிட்டு விற்றவர்கள் பெரிய முதலாளிகள் அல்லர். அமெரிக்காவில் காப்புறுதி நிறுவன வேலையை இழந்து, வீட்டில் சப்பாத்துத் திருத்திப் பிழைத்தவர் கேரி கைகாக்ஸ். அவரும் டேவ் ஆர்னசன் என்பவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. மூன்று சிறு நூல்கள், ஒரு பெட்டி, விலை 10 டொலர். 1,000 பெட்டிகளையும் வீட்டில் வைத்துக் கையாலேயே அடுக்கினார்கள்.

அதில் ஒரு குறை இருந்தது. விதிகள் புதியவர்களுக்கு விளங்கவில்லை. ஆகவே 1977இல் ஆரம்பகாரருக்கென எளிய பெட்டி ஒன்று வந்தது. 1979இல் தாயக்கட்டைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, எண் எழுதிய அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் வைத்தார்கள். குவளையில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டியதுதான். 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, அதற்கு முன் ஏராளமானோரிடம் விளையாடக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். முதலில் விற்றது சிறிய ஆரம்பப் பெட்டியை. பெரிய நூல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன.

இதை நாமும் செய்யலாம். கதைக்கு நமக்கென்ன பஞ்சம்? கோப்பிக் காலத்தில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்த முன்னோரின் கதை ஒன்றே போதும். தாய், கங்காணி, சிறுவன், கிழவி என்று பாத்திரங்களும் தயார்.

பெட்டிக்குள் வேண்டியவை இவை:

விதி நூல். நான்கு ஏ4 தாள்களை மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். முதற் பக்கத்திலேயே "எத்தனை பேர், எவ்வளவு நேரம், எப்படித் தொடங்குவது" என்பதை எழுதுங்கள்.

முதற் கதை. பெட்டியைத் திறந்த அன்றே ஆடக்கூடிய சிறு கதையாக இருக்கட்டும்.

பாத்திர அட்டைகள். பெயர், பலம், பயம் ஆகிய மூன்றும் போதும்.

தாயக்கட்டை. இல்லாவிட்டால் ஒரு பக்கம் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகள்.

இன்னும் ஒன்று, நமக்கு மிக வேண்டியது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய், அங்கும் போரில் அகப்பட்டவர்கள் நம்மிடையே உண்டு. காட்டில் நடப்பதும் பிள்ளை தொலைவதும் அவர்களுக்கு வெறும் விளையாட்டல்ல. 2013இல் ஜோன் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் ஒரு வழி சொன்னார். பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்று மேசை நடுவில் இருக்கும். மனம் தாங்காதவர் அதைத் தொட்டால் போதும், அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கதை வேறு பக்கம் திரும்பும். ஏன் என்று எவரும் கேட்கக் கூடாது. இந்த அட்டையைக் கட்டாயம் வையுங்கள்.

பிறகு சோதனை. அறிமுகமில்லாத ஒரு குடும்பத்திடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு மூலையில் உட்காருங்கள். வாய் திறக்க வேண்டாம். பெட்டி விலைபோன பிறகு விளக்கம் சொல்ல நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை. அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அந்த வரியைத் திருத்துங்கள்.

முதலில் பத்துப் பெட்டிகள் மட்டும் செய்யுங்கள். 'முதற் பதிப்பு' என்று மாதமும் ஆண்டும் போடுங்கள். பாலர் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ ஒருமுறை ஆடிக் காட்டி விற்றால் வாங்குவோருக்குத் தயக்கம் இராது. அடுத்த பதிப்பில் விதி மாறினால், முன்பு வாங்கியவருக்கு அந்தத் திருத்தத் தாளை இலவசமாகக் கொடுங்கள்.

விலை போடும்போது தாள், அட்டை, பஸ் செலவோடு உங்கள் உழைப்பையும் கணக்கில் சேருங்கள். கொழுந்து பறித்த நாளுக்குக் கூலி கேட்கும் நாம், இரவில் வெட்டி ஒட்டிய நேரத்தைச் சும்மா விடலாமா?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதியதற்கான பதிப்புரிமை பதியாமலே உங்களுக்கு உண்டு. அதேபோல் பிறர் எழுத்தையும் படத்தையும் நாம் அப்படியே எடுக்கக் கூடாது. வியாபாரப் பெயரைப் பதிவதற்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அன்று மாத்தளை வரை நடந்தவர்களிடம் "என்ன செய்கிறாய்?" என்று எவரும் கேட்கவில்லை. நம் பிள்ளைகளிடம் கேட்போம். பாட்டி இருக்கும்போதே கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், சகோதரிகளே.